இரண்டு பிள்ளைகளில் ஒன்று பையன்: மற்றதும் பையனாக இருக்க வாய்ப்பு பாதியா, மூன்றில் ஒன்றா?

ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகள். அதில் குறைந்தது ஒன்று பையன் என்று நமக்குத் தெரியும். இரண்டுமே பையன்களாக இருக்க வாய்ப்பு எவ்வளவு?

மார்த்தாண்டம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் இந்தக் கேள்வியை எடுத்துப் போட்டுப் பாருங்கள். முதல் பதில் உடனே வந்துவிடும். “பாதியாக்கும் சாரே. ஒண்ணு பையன்னு தெரிஞ்சாச்சு. மத்தது பையனா இருக்கும், இல்லேன்னா பெண்ணா இருக்கும். இதுல கணக்கு போட என்ன இருக்கு?” பக்கத்து பெஞ்சில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தால், கட்டன் சாயாவைக் கீழே வைத்துவிட்டு, “அப்படி இல்ல மக்கா. மூணுல ஒண்ணு” என்பார். அதன் பிறகு யாரும் யாரையும் விடுவதாக இல்லை.

இந்தச் சண்டையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இரண்டு பேருமே கணக்கைச் சரியாகப் போடுகிறார்கள் என்பது. ஒன்று பையன் என்று சொன்ன கேள்வி, அது நமக்கு எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த இடத்தை ஆளுக்கு ஒரு விதமாக நிரப்பிக்கொண்டுதான் இருவரும் வாதாடுகிறார்கள்.

முதலில் வாத்தியார் பக்கம் போவோம். கணக்கை எளிதாக்க, ஒவ்வொரு பிறப்பிலும் பையனுக்கும் பெண்ணுக்கும் சரிபாதி வாய்ப்பு என்றும், முதல் பிள்ளை எதுவாக இருந்தாலும் அது இரண்டாவதைப் பாதிக்காது என்றும் வைத்துக்கொள்வோம். நாணயம் சுண்டுவது போலத்தான். ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, இரண்டு ரூபாய் நாணயம் ஒன்று எடுத்துச் சேர்த்துச் சுண்டுங்கள். ஐந்து ரூபாய் மூத்த பிள்ளை, இரண்டு ரூபாய் இளையது. தலை விழுந்தால் பையன், பூ விழுந்தால் பெண். நடக்கக்கூடிய எல்லா முடிவுகளின் பட்டியலைப் பத்தாம் வகுப்புப் பாடத்தில் கூறுவெளி என்று படித்தோமே, அதில் இங்கே நான்கு: பையன்–பையன், பையன்–பெண், பெண்–பையன், பெண்–பெண். நான்கும் சம வாய்ப்புள்ளவை.

இங்கேயே ஒரு தகராறு வரும். “மூத்தது பையன் இளையது பெண், மூத்தது பெண் இளையது பையன், இரண்டும் ஒன்றுதானே? வீட்டில் ஒரு பையன், ஒரு பெண். அதை ஏன் இரண்டு தடவை எண்ண வேண்டும்?” என்று கேட்பார்கள். இப்படிக் கேட்பவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரான்ஸின் பெரிய கணித மேதைகளில் ஒருவரான தலம்பேர், 1754-இல் அந்நாட்டுப் பெரும் கலைக்களஞ்சியத்துக்கு எழுதிய கட்டுரையில் இதே வகையான குழப்பத்தில் மாட்டிக்கொண்டார். நாணயத்தை இரண்டு தடவை சுண்டினால் ஒரு தடவையாவது தலை விழ வாய்ப்பு நான்கில் மூன்று. முதல் சுண்டிலேயே தலை விழுந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, எனவே இருப்பது மூன்றே நிலைமைகள்தான் என்று அவர் வாதிட்டு, மூன்றில் இரண்டு என்று விடை சொன்னார். அவர் சொன்ன மூன்று நிலைமைகள் உண்மைதான். ஆனால் அவை சம எடை கொண்டவை அல்ல. கையில் உள்ள இரண்டு நாணயங்களையும் ஒரு நூறு தடவை சுண்டி எழுதிவைத்துப் பாருங்கள். ஒன்று தலை, ஒன்று பூ என்பது ஏறத்தாழ ஐம்பது தடவை வரும். இரண்டும் தலை என்பது இருபத்தைந்துக்கு அக்கம்பக்கம் நிற்கும். கலந்து வருவதற்கு இரண்டு வழிகள் இருப்பதால்தான் இந்த இரட்டிப்பு.

சரி, இப்போது வாத்தியாரின் மூன்றில் ஒன்று எங்கிருந்து வருகிறது? பின்னங்களை விட்டுவிட்டு வீடுகளை எண்ணலாம். எண்ணினால் சந்தேகம் சீக்கிரம் தெளியும். திருவட்டாறு பக்கம் ஒரு கிராமத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகள் சரியாக 400 என்று வைத்துக்கொள்வோம். நாணயக் கணக்குப்படி 100 வீடுகளில் இரண்டும் பையன்கள், 200 வீடுகளில் பையனும் பெண்ணும், 100 வீடுகளில் இரண்டும் பெண்கள். கணக்கெடுப்புக்குப் போகும் டீச்சர் ஒருவர் வீடு வீடாக ஏறி, “ஆம்பளப் பிள்ளை உண்டா?” என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்கிறார். ஆம் என்று சொல்லும் வீடுகள் 300. அந்த 300-இல் இரண்டும் பையன்களாக உள்ளவை 100. மூன்றில் ஒன்று. வாத்தியார் சொன்னது இந்தக் கேள்விக்கான விடை. இதில் குறை சொல்ல இடமில்லை.

அடுத்த நாள் அதே டீச்சர் அதே கிராமத்துக்குப் போகிறார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்து, கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட்டுகளைக் குனிந்து கடந்து, கதவைத் தட்டுகிறார். உள்ளிருந்து யாரோ ஓடிவரும் சத்தம். கதவைத் திறந்தது பையன். “அம்மா இருக்காவளா?” என்று கேட்டுக்கொண்டே அவர் மனதில் ஓடுகிறது: இந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று நேற்றே குறித்திருக்கிறோம். ஒன்று பையன் என்று கண்ணாலேயே பார்த்தாகிவிட்டது. இன்னொன்றும் பையனா?

இரண்டு பிள்ளைகளில் யார் முதலில் கதவருகே ஓடிவருவார்கள் என்பது சம வாய்ப்புள்ளது என்றால், எண்ணிக்கை இப்படிப் போகும். இரண்டும் பையன்களாக உள்ள 100 வீடுகளிலும் கதவைத் திறப்பது பையன்தான். ஒரு பையன், ஒரு பெண் உள்ள 200 வீடுகளில் 100 வீடுகளில்தான் பையன் திறப்பான். மற்ற 100 வீடுகளில் பெண் திறந்திருப்பாள். ஆக, பையன் திறந்த வீடுகள் மொத்தம் 200. அதில் 100 வீடுகளில் இரண்டுமே பையன்கள். சரிபாதி. டீக்கடைத் தம்பி சொன்னது இந்தக் கேள்விக்கான விடை.

அதே கிராமம், அதே 400 வீடுகள். இரண்டு நாளும் டீச்சருக்குத் தெரியவந்த செய்தியும் ஒன்றே: “இந்த வீட்டில் ஒரு பையனாவது இருக்கிறான்.” விடை மட்டும் வேறு. காரணம், முதல் நாள் கலப்பு வீடுகள் 200-ம் “உண்டு” என்று தவறாமல் சொல்லின. இரண்டாம் நாள் அவற்றில் பாதி வீடுகள் பெண்பிள்ளையைக் காட்டிவிட்டு, நம் கணக்கிலிருந்து விலகிக்கொண்டன.

இதை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்த்தால்தான் விஷயம் முழுதாகப் பிடிபடும். அந்த ஊரில், வெளியாள் கதவைத் தட்டினால் பெண்பிள்ளையை அனுப்பாமல் பையனைத்தான் அனுப்புவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கலப்பு வீடுகள் 200-லும் பையனே வந்து நிற்பான். பையன் திறந்த வீடுகள் 300 ஆகிவிடும், விடை மறுபடியும் மூன்றில் ஒன்று. இதற்கு நேர்மாறாக, எந்த வேலைக்கும் பெண்பிள்ளையைத்தான் ஏவுவார்கள், பையன் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பான் என்றால்? அப்போது கலப்பு வீட்டில் பையன் கதவைத் திறக்கவே மாட்டான். பையன் திறந்தாலே அந்த வீட்டில் இரண்டும் பையன்கள் என்பது உறுதி. ஆக, கதவைத் திறந்த பையனைப் பார்த்த அதே காட்சிக்கு மூன்றில் ஒன்று, பாதி, நூறு சதவீதம் என்று மூன்று விடைகள். எது பொருந்தும் என்பதை அந்த ஊர் வழக்கம்தான் சொல்ல வேண்டும். வெறும் சூத்திரத்தால் சொல்ல முடியாது.

“மூத்தது பையன்” என்று சொல்லிவிட்டால் மட்டும் இந்தச் சிக்கல் எழாது. மூத்தது பையனாக உள்ள வீடுகள் 200, அதில் இரண்டும் பையன்கள் 100. பாதி. எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது அங்கே முன்கூட்டியே தீர்மானமாகிவிடுகிறது.

இந்தப் புதிரைப் பரவலாக்கியவர் மார்ட்டின் கார்ட்னர். ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ இதழின் கணிதப் பத்தியில் 1959-இல் இதை எழுதியபோது அவர் மூன்றில் ஒன்று என்றே விடை தந்தார். பிறகு, செய்தி எப்படிக் கிடைத்தது என்று சொல்லாமல் கேள்வியை அமைத்துவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். 1982-இல் மாயா பார்-ஹில்லெல், ரூமா ஃபால்க் என்ற இரண்டு ஆய்வாளர்கள், தகப்பன் தன் மகனோடு தெருவில் நடந்துபோவதை நாம் பார்க்கும் வடிவத்தை எடுத்துக்கொண்டு இந்த வேறுபாட்டைத் தெளிவாக விளக்கினார்கள். நம் டீச்சரின் கதவு அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இதே முடிச்சு இன்னும் பிரபலமான வேறொரு புதிரிலும் இருக்கிறது. மூன்று பெட்டிகள், ஒன்றில் மட்டும் பரிசு. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பரிசு எதில் இருக்கிறது என்று தெரிந்த கடைக்காரர், மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் திறந்து காட்டி, “தம்பி, மாத்திக்கிடுதியா?” என்று கேட்கிறார். மாற்றுவது நல்லதா? ஸ்டீவ் செல்வின் என்ற புள்ளியியலாளர் 1975-இல் இதை எழுதினார். ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சித் தொகுப்பாளரின் பெயரால் இதை மான்டி ஹால் புதிர் என்கிறார்கள். 1990-இல் ‘பரேடு’ என்ற வார இதழில் மேரிலின் வாஸ் சவாண்ட், மாற்றினால் வெல்ல வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று எழுதியதும் ஏறக்குறைய 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன. அவற்றில் சுமார் ஆயிரம் முனைவர் பட்டம் பெற்றவர்களுடையவை. பெரும்பாலானவை அவர் தவறு என்று சாடின. பால் ஏர்டிஷ் போன்ற மாபெரும் கணித மேதையே கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டும் வரை இதை ஏற்கவில்லை. ஆனால் வாஸ் சவாண்ட் சொன்னதுதான் சரி.

எப்படி என்று பார்க்க, கடையை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் விழுந்த இடைவெளி வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வரும் ஊர் அது. சுற்றிலும் காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். அங்கே ஒரு திருவிழாக் கடையில் 300 பேர் ஆடுகிறார்கள். முதலில் தேர்ந்தெடுத்த பெட்டியிலேயே பரிசு அமைந்தவர்கள் 100 பேர், அமையாதவர்கள் 200 பேர். கடைக்காரர் தெரிந்தே காலிப் பெட்டியைத் திறந்தால், 300 பேரும் காலிப் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். மாற்றினால் அந்த 200 பேரும் வெல்வார்கள். மூன்றில் இரண்டு.

இப்போது கடைக்காரர் எந்தப் பெட்டியையும் திறக்கவே இல்லை. உங்கள் பெட்டியின் மேல் உங்கள் கை இருக்கிறது. ஒரு பெருங்காற்று வந்து மற்ற இரண்டில் ஏதோ ஒன்றின் மூடியைத் தூக்கி எறிகிறது. பார்த்தால், காலி. மாற்றலாமா? முதலில் சரியாகத் தேர்ந்த 100 பேர் எப்படியும் காலிப் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். மற்ற 200 பேரில் 100 பேருக்குக் காற்று பரிசுப் பெட்டியையே திறந்துவிட்டிருக்கும். அவர்கள் ஆட்டம் அங்கேயே முடிந்தது. காலியைப் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் 100, அந்தப் பக்கம் 100. மாற்றினாலும் ஒன்றுதான், மாற்றாவிட்டாலும் ஒன்றுதான்.

கண்ணால் பார்த்தது இரண்டிலும் ஒரே காட்சி: ஒரு மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. கடைக்காரருக்குப் பரிசு இருக்கும் இடம் தெரியும், காற்றுக்குத் தெரியாது. கடிதம் எழுதித் திட்டியவர்களில் பலர் மனதுக்குள் கடைக்காரரைக் காற்றாக்கிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பெட்டி மிச்சம், ஆகவே பாதிக்குப் பாதி என்று மனம் தாவிவிடுகிறது. திறந்த கைக்கு என்ன தெரிந்திருந்தது என்று கேட்க அது நிற்பதில்லை.

குளச்சலிலோ முட்டத்திலோ மீன் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. விற்பவர் கடவத்திலிருந்து தானே ஒரு அயிலையை எடுத்துச் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினால் அதற்கு ஒரு மதிப்பு. நாம் அடியில் கையை விட்டு ஏதோ ஒன்றை உருவி எடுத்து, அதுவும் சிவப்பாக இருந்தால் அதன் மதிப்பே வேறு. மீன் ஒன்றாகவே இருக்கலாம்.

இரண்டு பிள்ளைக் கணக்குக்குத் திரும்புவோம். இதில் எல்லாரையும் திகைக்க வைக்கும் ஒரு வடிவம் உண்டு. 2010-இல், மார்ட்டின் கார்ட்னரைச் சிறப்பிக்கப் புதிர் ஆர்வலர்கள் கூடும் ஒரு கூட்டத்தில் கேரி ஃபோஷீ என்ற புதிர் வடிவமைப்பாளர் கேட்டார்: “எனக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று செவ்வாய்க்கிழமை பிறந்த பையன். இரண்டும் பையன்களாக இருக்க வாய்ப்பு என்ன?” செவ்வாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நமக்குக் கோபம்கூட வரும். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு பிள்ளைக்கு 14 வகைகள்: இரண்டு பால், ஏழு கிழமை. இரண்டு பிள்ளைகளுக்கு 196. செவ்வாய்ப் பையன் ஒருவனாவது உள்ள சேர்க்கைகள் 27. அவற்றில் இரண்டும் பையன்களாக உள்ளவை 13. ஆக விடை 27-இல் 13; பாதிக்கு மிக அருகில்.

இந்த விடை, “உமக்குச் செவ்வாய்க்கிழமை பிறந்த பையன் உண்டா?” என்று நாமே கேட்டு அவர் ஆம் என்று சொன்னால்தான் பொருந்தும். மாறாக, அவர் தன் இரண்டு பிள்ளைகளில் மனம்போன போக்கில் ஒன்றை எடுத்து, அதன் பாலையும் கிழமையையும் சொன்னார் என்றால்? 27 சேர்க்கைகளில் இரண்டுமே செவ்வாய்ப் பையன்களாக உள்ள ஒன்றில் அவர் எதை எடுத்தாலும் இதையே சொல்வார். மற்ற 26-இல் பாதித் தடவைதான் சொல்வார், அது 13. மொத்தம் 14. இரண்டும் பையன்களாக உள்ள பக்கத்தில் 1-ம், மற்ற 12-இல் பாதியான 6-ம் சேர்ந்து 7. பதினான்கில் ஏழு, சரிபாதி. செவ்வாய்க்கிழமையின் மாயம் அங்கே மறைந்துவிடுகிறது.

இதை ஒரு பெண்கள் பள்ளியிலேயே நடத்திக் காட்டலாம். ஆசிரியர்கள் யாராவது முயன்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. நம் 400 வீட்டுப் பெண்பிள்ளைகள் எல்லாரும் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கலப்பு வீடுகளிலிருந்து 200 பேர், இரண்டும் பெண்களாக உள்ள வீடுகளிலிருந்து 200 பேர், மொத்தம் 400 மாணவிகள். காலைக் கூட்டத்தில், “அக்காவோ தங்கச்சியோ இருக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றால் 200 கைகள் எழும்பும். பாதி. அதே பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராக அம்மாமார் வருகிறார்கள், மொத்தம் 300 பேர். “இரண்டும் பெண்பிள்ளைகளா உள்ளவங்க கையைத் தூக்குங்க” என்றால் 100 கைகள்தான். மூன்றில் ஒன்று. பிள்ளைகளை எண்ணினால் ஒரு விடை, வீடுகளை எண்ணினால் வேறு விடை.

நிஜ ஊரில் இந்த எண்கள் அச்சுப்பிசகாமல் வராது. உலகம் முழுவதும் பிறப்பில் 100 பெண்களுக்குச் சுமார் 105 ஆண்கள் என்ற அளவில் ஆண்கள் சற்றுக் கூடுதல். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 1000 ஆண்களுக்கு 1019 பெண்கள். ஆனால் அது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு, பிறப்புக் கணக்கு அல்ல. இதைவிடப் பெரிய பிசகு வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டும் பெண்ணாகப் பிறந்த சில வீடுகளில் மூன்றாவதுக்குப் போவார்கள். அந்த வீடுகள் ‘இரண்டு பிள்ளை வீடு’ என்ற பட்டியலிலிருந்தே வெளியேறிவிடும். இதையெல்லாம் சேர்த்துக்கொண்டால் எண்கள் கொஞ்சம் நகரும். விடை, செய்தி வந்த வழியைப் பொறுத்தது என்பது மட்டும் நகராது.

கை பழக ஒரு கணக்கு: மூன்று பிள்ளைகள் உள்ள வீடுகள் 800. மூன்றுமே பையன்களாக இருக்க வாய்ப்பு என்ன? “பையன் உண்டா?” என்று கேட்டு ஆம் என்று பதில் வந்தால் ஒன்று, பையன் வந்து கதவைத் திறந்தால் இன்னொன்று. முதலாவதில் 700 வீடுகளில் 100, ஏழில் ஒன்று. இரண்டாவதில் நான்கில் ஒன்று வர வேண்டும். வரவில்லை என்றால், இரண்டு பையன்கள் உள்ள 300 வீடுகளில் எத்தனை வீட்டில் பெண் வந்து திறந்திருப்பாள் என்பதை மறுபடி எண்ணிப் பாருங்கள்.